உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும்: ஒரு சிகிச்சையின் வரலாறு

உலகில் பிறக்கும் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்றுக்கு மேலுதட்டிலோ அண்ணத்திலோ இரண்டிலுமோ பிளவு இருக்கிறது. பிறவிக் குறைபாடுகளில் பரவலாகக் காணப்படுபவற்றுள் இதுவும் ஒன்று. சிலருக்கு உதட்டின் ஓரத்தில் சிறு வெட்டுப்போல் அது நின்றுவிடும். சிலருக்கு உதட்டைக் கடந்து ஈறு, வன்அண்ணம், மென்அண்ணம், உள்நாக்கு என்று பின்னோக்கி நீளும். மூக்கின் ஒரு பக்கத்துக்குக் கீழே மட்டும் வந்தால் அது ஒருபக்கப் பிளவு. இரு பக்கமும் வந்தால் இருபக்கப் பிளவு. ஒருபக்கப் பிளவு வலப்பக்கத்தைவிட இடப்பக்கத்தில் இரு மடங்கு அதிகம். உதட்டோடு வரும் பிளவு ஆண் குழந்தைகளுக்கும், அண்ணத்தில் மட்டும் வரும் பிளவு பெண் குழந்தைகளுக்கும் கூடுதலாக வருகிறது.

கருவின் முகம் ஒரே தசைத்துண்டாக உருவாவதில்லை. தனித்தனி மேடுகளாகத் தோன்றி, வளர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. மூக்கின் நடுப்பகுதியாக மாறவிருக்கும் மேடுகளும் இரு பக்கத்து மேல்தாடை மேடுகளும் 4ஆம் வாரத்துக்கும் 7ஆம் வாரத்துக்கும் இடையே சேர்ந்து மேலுதடாகின்றன. அண்ணம் அதற்குச் சற்றுப் பிந்தியது. தொடக்கத்தில் அண்ணத்தின் இரு தகடுகளும் நாக்கின் இரு புறமும் கீழ்நோக்கித் தொங்குகின்றன. நாக்கு தாழ்ந்ததும் அவை கிடைமட்டமாக எழுந்து, இரட்டைக் கதவு சாத்துவதுபோல் நடுவில் சந்திக்கின்றன. முன்னிருந்து பின்னாக ஒட்டிக்கொண்டே போய் ஏறத்தாழ 12ஆம் வாரத்தில் உள்நாக்கில் முடிகின்றன. இந்த வரிசையில் எந்தக் கட்டம் தவறுகிறதோ அந்த இடத்தில் பிளவு நிலைத்துவிடுகிறது. உதடு உருவாகி முடியும் நாட்களில் பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரிந்திருக்காது.

பிளவின் விளைவு முகத்தோற்றத்தோடு நிற்பதில்லை. அண்ணம் திறந்திருந்தால் வாய்க்குள் உறிஞ்சும் இழுவை உண்டாகாது. குழந்தை தாயின் மார்பில் பால் குடிக்க முடியாமல் திணறும், குடித்த பால் மூக்கு வழியே வரும். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயைத் திறக்கும் தசை அண்ணத்தில்தான் பொருந்தியிருக்கிறது. அது சரிவர வேலை செய்யாததால் காதுக்குள் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறையும். பற்கள் இடம் மாறி முளைக்கும். பேச்சு மூக்கால் வரும். வேறு கோளாறுகள் சேராதபோது அறிவுவளர்ச்சியில் குறை இருப்பதில்லை.

சிகிச்சையின் வரலாறு, பிளவை எப்படி மூடுவது என்ற கேள்வியில் தொடங்கியது. மூடத் தெரிந்ததும், மூடிய அண்ணத்தைக் கொண்டு குழந்தை தெளிவாகப் பேசுமா என்ற கேள்வி எழுந்தது. பேச்சுக்காகச் சிறு வயதிலேயே மூடத் தொடங்கியபோது, அந்த அறுவையே முகத்தின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பது தெரியவந்தது. இன்றைய சிகிச்சை முறை இந்த மூன்று கேள்விகளுக்கும் சேர்த்துக் கண்ட விடை.

காரணம் தேடிய கதை

கிரகணத்தின்போது கருவுற்ற பெண் வெளியே வரக்கூடாது, கத்தியையோ அரிவாள்மணையையோ ஊசியையோ தொடக்கூடாது, மீறினால் பிள்ளை உதடு பிளந்து பிறக்கும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டிலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் நெடுங்காலமாக இருந்துவருகிறது. கடல் கடந்த மெக்சிகோவில் அஸ்டெக் மக்களும் கிரகணத்தையே காரணமாகக் கண்டார்கள். கிரகண நேரத்தில் கர்ப்பிணிகள் அப்சிடியன் கல்லால் ஆன கத்தியைக் காப்பாக உடலோடு வைத்துக்கொண்டதை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியத் துறவி பெர்னார்டினோ தெ சகாகுன் பதிவுசெய்திருக்கிறார். ஐரோப்பாவில் கிரகணத்தின் இடத்தில் முயல் இருந்தது: கர்ப்பிணியின் எதிரே முயல் வந்தால் பிள்ளைக்கு முயலின் உதடு அமையும் என்றார்கள். ஊருக்கு ஊர் கதை மாறினாலும் பழி ஒரே ஆள்மேல்தான் விழுந்தது. எங்கோ போனாள், எதையோ தொட்டாள், எதையோ பார்த்தாள் என்று தாயையே குற்றம் சொன்னார்கள்.

பிளவு வெளியிலிருந்து வந்த காயம் அல்ல, முடிவடையாத வளர்ச்சி என்ற எண்ணத்தை 1651இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி முன்வைத்தார். ரத்த ஓட்டத்தை விளக்கியவர் இவரே. விலங்குகளின் கருவளர்ச்சி பற்றிய நூலில், மனிதக் கருவில் மேலுதடு நடுவில் சேர்வது மிகவும் தாமதமாகத்தான் நடக்கிறது என்றும், பலர் உதடு பிளந்து பிறப்பதற்கு அதுவே காரணம் என்றும் எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் கருவியலாளர்கள் நுண்நோக்கியின் உதவியால் முகமேடுகளையும் அவை சேரும் விதத்தையும் படிப்படியாக விளக்கினார்கள்.

மரபின் பங்கை முறையாக ஆராய்ந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த பவுல் ஃபோக்-ஆண்டர்சன். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் விவரங்களைத் திரட்டி 1942இல் அவர் வெளியிட்ட ஆய்வு, உதட்டோடு வரும் பிளவும் அண்ணத்தில் மட்டும் வரும் பிளவும் மரபுவழியில் வெவ்வேறானவை என்று காட்டியது. கருவில் இரண்டும் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு திசுக்களில் உருவாவதோடு இது பொருந்துகிறது. கீழுதட்டில் சிறு குழிகளோடு பிளவும் சேர்ந்து குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் வான் டெர் வூட் நோய்த்தொகுப்புக்கு ஐஆர்எஃப்6 என்ற மரபணுவின் மாற்றமே காரணம் என்று 2002இல் கண்டறியப்பட்டது. பெரும்பாலான குழந்தைகளிடம் இப்படித் தனியொரு மரபணுவைச் சுட்ட முடிவதில்லை. பல மரபணுக்களின் சிறு சிறு பங்கும் கர்ப்பகாலச் சூழலும் சேர்ந்தே விளைவை உண்டாக்குகின்றன. புகைபிடித்தல், மது, கட்டுப்படாத நீரிழிவு, வலிப்புக்குத் தரப்படும் சில மருந்துகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. பெற்றோருக்குப் பிளவு இல்லாமல் முதல் குழந்தைக்கு மட்டும் இருந்தால், அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள்.

உதடு தைக்கப்பட்ட காலம்

உதட்டுப் பிளவைச் சரிசெய்தது பற்றிய மிகப் பழைய தெளிவான குறிப்பு சீனாவிலிருந்து கிடைக்கிறது. ஜின் வம்ச வரலாற்று நூலில் வெய் யோங்சி என்ற ஏழை இளைஞரின் கதை வருகிறது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், 18 வயதில், ஆளுநர் ஒருவரின் அரண்மனை மருத்துவரிடம் பிளந்த உதட்டைச் சரிசெய்துகொள்ளச் சென்றார். வெட்டி ஒட்டலாம், ஆனால் 100 நாள் கஞ்சி மட்டும் குடிக்க வேண்டும், பேசவோ சிரிக்கவோ கூடாது என்றார் மருத்துவர். இளைஞர் இணங்கினார், உதடு சேர்ந்தது. பின்னாளில் அவரே அந்த மாகாணத்துக்கு ஆளுநராக வந்தார். தையல் பிரியாமல் இருக்க உதட்டை அசைக்காதிருக்க வேண்டும் என்ற அந்த மருத்துவரின் நிபந்தனையில் அறுவையின் அடிப்படை அறிவு தெரிகிறது.

இந்திய மருத்துவத்தில் சுஸ்ருத சம்ஹிதை கன்னத்துத் தோலை எடுத்து மூக்கைச் சீரமைக்கும் முறையை விளக்கிவிட்டு, உதட்டையும் அதேபோல் சேர்க்கலாம், மூக்குக்கு வைக்கும் குழாய் மட்டும் வேண்டாம் என்கிறது. பிறவிப் பிளவு என்று அது தனியாகக் குறிப்பிடவில்லை. வெட்டுண்ட உதட்டுக்கான முறையாகவே அது அமைந்திருக்கிறது. ரோமானியரான செல்சஸும் 1ஆம் நூற்றாண்டில் உதட்டுக் குறையை மூட அக்கம்பக்கத்துத் தோலை நகர்த்தும் வழியை எழுதினார்.

ஐரோப்பாவில் உதட்டுப் பிளவு அறுவையை விரிவாக எழுதிய முதல்வர்களில் ஒருவர் பிளாண்டர்ஸ் நாட்டு அறுவை மருத்துவர் யான் இப்பெர்மன். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய அவர், பிளவின் இரு ஓரங்களையும் புதிதாகச் சீவி ரத்தம் கசியச் செய்து, பிறகு தைக்க வேண்டும் என்றார். ஆறிப்போன தோல் ஓரங்கள் எவ்வளவு நெருக்கித் தைத்தாலும் ஒட்டாது என்ற புரிதல் இதற்கு அடிப்படை. பிரான்சின் பியர் ஃபிராங்கோ 1556இல் வெளியிட்ட நூலில் பிறவியிலேயே வரும் பிளவைக் காயத்தால் வரும் பிளவிலிருந்து பிரித்துக் காட்டினார். அவர் காலத்தவரான அம்புருவாஸ் பாரே, இரு ஓரங்களினூடே ஊசியைக் குத்தி நிறுத்தி அதன்மேல் நூலை எட்டு வடிவில் சுற்றிக் கட்டும் முறையைப் படத்தோடு விளக்கினார். ஊசியைச் சில நாட்கள் உதட்டிலேயே விட்டுவைப்பார்கள். இந்த முறை 19ஆம் நூற்றாண்டுவரை வழக்கிலிருந்தது.

அண்ணத்தை மூடிய வரலாறு

உதடு வெளியே இருப்பதால் கை எட்டும், கண் பார்க்கும். அண்ணமோ வாயின் உள்ளே இருட்டில் இருக்கிறது. மயக்கமருந்து இல்லாத காலத்தில் இருமியும் குமட்டியும் திமிறும் ஒருவரின் வாய்க்குள் தைப்பது பெரும்பாடு. அதனால் உதட்டு அறுவைக்குப் பல நூற்றாண்டுகள் பின்னரே அண்ண அறுவை வந்தது. அதோடு, ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் பரவிய சிபிலிஸ் நோய் அண்ணத்தை அரித்து ஓட்டையாக்கியது. பிறவிப் பிளவும் நோயால் வந்த ஓட்டையும் நெடுங்காலம் குழப்பிக்கொள்ளப்பட்டன. ஓட்டைக்கு மருந்தாக அடைப்பான்கள் இருந்தன. பாரே உலோகத் தகட்டில் கடற்பஞ்சைப் பொருத்தி ஓட்டைக்குள் செருகும் அடைப்பானைச் செய்தார். பஞ்சு ஈரத்தில் உப்பித் தகட்டைப் பிடித்துக்கொள்ளும்.

1760களில் பிரெஞ்சுப் பல்மருத்துவர் லெ மோனியே ஒரு குழந்தையின் அண்ணப் பிளவைத் தைத்து மூடியதாகப் பதிவு இருக்கிறது. 1816இல் பெர்லினில் கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபொன் கிரேஃபே மென்அண்ணத்தை மூடினார். 1819இல் பாரிசில் ஃபிலிபெர் ரூ செய்த அறுவையே மருத்துவ உலகில் பெரும் பேச்சானது. நோயாளி மாண்ட்ரியலிலிருந்து படிக்க வந்த ஜான் ஸ்டீபன்சன் என்ற மருத்துவ மாணவர். நாற்காலியில் உட்கார்ந்தபடி, மயக்கமருந்து இல்லாமல், உணர்வோடு தன் அண்ணத்தைத் தைக்கக் கொடுத்தார். மறு ஆண்டு எடின்பரோவில் பட்டத்துக்காக எழுதிய லத்தீன் ஆய்வேட்டில் அந்த அறுவையையே பொருளாக எடுத்துக்கொண்டார். ஊர் திரும்பியபின் மாண்ட்ரியலில் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அதுவே பின்னர் மெக்கில் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலமாயிற்று.

மென்அண்ணம் தசை; இழுத்துத் தைக்கலாம். வன்அண்ணம் எலும்பு. அதை மூடப் போதிய திசு எங்கிருந்து கிடைக்கும் என்ற கேள்விக்கு 1861இல் பெர்லினில் பெர்ன்ஹார்ட் ஃபொன் லாங்கென்பெக் விடை கண்டார். அண்ணத்தின் சவ்வை எலும்பை ஒட்டிய உறையோடு சேர்த்து உரித்தெடுத்தால் ரத்த ஓட்டம் கெடாது. பல்வரிசை ஓரமாக இருபுறமும் கீறல் போட்டால் அந்த உரித்த சவ்வை நடுவுக்கு நகர்த்தித் தைத்துவிடலாம் என்றார். இன்றும் செய்யப்படும் அண்ண அறுவைகள் பலவும் இந்த ஒரு கண்டுபிடிப்பின் கிளைகளே.

1846இல் ஈதரும் மறு ஆண்டு குளோரோஃபார்மும் வந்தபின் குழந்தைகளுக்கு அறுவை செய்வது சாத்தியமானது. ஆனால் மயக்கமருந்து கொடுப்பவரும் அறுவை மருத்துவரும் ஒரே வாய்க்காகப் போட்டியிட்டார்கள். மூச்சுக்குழாய்க்குள் ரப்பர் குழாய் செலுத்தி மயக்கம் தரும் முறை முதல் உலகப் போருக்குப் பின் வளர்ந்தபோதுதான் அந்தப் போட்டி தீர்ந்தது. 1937இல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் ஃபிலிப் அய்ர் கைக்குழந்தைகளுக்கென ஓர் எளிய கருவியை அறிமுகப்படுத்தினார். ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவிலான சிறு குழாய் அது. வால்வு இல்லாததால் குழந்தை மூச்சுவிடச் சிரமப்பட வேண்டியதில்லை. பிளவு அறுவையை மனத்தில் வைத்தே அவர் அதைப் பற்றி எழுதினார். அவரும் பிளந்த உதட்டோடும் அண்ணத்தோடும் பிறந்தவர்.

உதட்டின் வடிவம்

ஓரங்களைச் சீவி நேர்கோட்டில் தைத்தால் பிளவு மூடிவிடும். ஆனால் தழும்பு ஆறும்போது சுருங்கும்; அந்தச் சுருக்கம் உதட்டின் ஓரத்தை மேலே இழுத்து ஒரு வெட்டுப்போல் காட்டும். 1844இல் பிரான்சின் மல்கேனும் மிரோவும் ஓரத்தைச் சீவி எறியாமல், அதிலிருந்தே சிறு மடலை வெட்டி எதிர்ப்பக்கத்தில் செருகினார்கள். அதற்குப் பின் வந்த நூறாண்டு, அந்த மடல் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்ற விவாதத்தில் சென்றது. கனடாவின் லெ மெசூரியே 1949இல் நாற்கோண மடலையும், அமெரிக்காவின் டென்னிசன் 1952இல் முக்கோண மடலையும் முன்வைத்தனர். அளவெடுத்து, புள்ளி வைத்து, கணக்குப் போட்டு வெட்டும் முறைகள் அவை. உதட்டின் நீளம் சரியாக வந்தது. ஆனால் தழும்பு உதட்டின் இயற்கையான வரம்புகளைக் குறுக்கே கடந்து சென்றது.

கொரியப் போருக்குப் பின் அந்நாட்டில் அமெரிக்கப் படையோடு பணியாற்றிய ரால்ஃப் மில்லார்ட் வேறு விதமாகச் சிந்தித்தார். பிளந்த உதட்டில் திசு காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. அதை உரிய இடத்துக்குத் திருப்பினால் போதும் என்பது அவர் கருத்து. பிளவின் உட்புற உதட்டைக் கீழ்நோக்கிச் சுழற்றி, அதனால் மேலே உண்டாகும் இடைவெளிக்குள் வெளிப்புற உதட்டை முன்னகர்த்தினார். தழும்பு மூக்கின் அடியிலிருந்து உதட்டுக்கு இறங்கும் இயற்கையான வரம்பிலேயே படிந்துகொண்டது. 1955இல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் உலக பிளாஸ்டிக் அறுவை மாநாட்டில் இதை அறிவித்தார். அளவுகோலைவிட மருத்துவரின் கண்ணையும் கையையும் நம்பும் இந்த முறையும் இதிலிருந்து கிளைத்தவையும் இன்று உலகெங்கும் பரவலாக உள்ளன.

உதட்டை எப்போது தைப்பது என்பதற்கு ஒரு எளிய கணக்கு 1960களில் வழக்குக்கு வந்தது: 10 வாரம் நிறைந்திருக்க வேண்டும், 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ எடை வேண்டும், ஹீமோகுளோபின் 10 கிராம் இருக்க வேண்டும். மயக்கத்தைக் குழந்தை தாங்குமா என்பதற்கான குறைந்தபட்ச அளவுகள் இவை.

பேச்சு என்னும் அளவுகோல்

அண்ணம் மூடிவிட்டது, தையல் பிரியவில்லை; ஆனாலும் பேச்சு மூக்காலேயே வருகிறது. 19ஆம் நூற்றாண்டு அறுவை மருத்துவர்களைத் திகைக்கவைத்த நிலை இது. தமிழ் ஒலிகளைக் கொண்டு இதை எளிதில் விளக்கலாம். க, ச, ட, த, ப, ற ஆகிய வல்லின ஒலிகளுக்கு வாய்க்குள் காற்று அடைபட்டு அழுத்தம் சேர வேண்டும். அதற்கு மென்அண்ணம் மேலெழுந்து தொண்டையின் பின்சுவரைத் தொட்டு மூக்கின் வழியை அடைக்க வேண்டும். ங, ஞ, ண, ந, ம, ன ஆகிய மெல்லினங்களுக்கு மென்அண்ணம் தாழ்ந்து காற்று மூக்கு வழியே செல்கிறது. மெல்லெழுத்துகள் மூக்கின் காற்றால் ஒலிப்பவை என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலே சொல்கிறது. மென்அண்ணம் குட்டையாகவோ அசைவின்றியோ இருக்கும் குழந்தையிடம் வல்லினம் மெல்லினமாகிவிடும். ‘அப்பா’ என்று சொல்ல முயன்றால் ‘அம்மா’ என்பதுபோல் கேட்கும். வாயில் அழுத்தம் சேராததால் சில குழந்தைகள் தொண்டையிலேயே காற்றை நிறுத்தி ஒலியெழுப்பப் பழகிவிடுவார்கள். அந்தப் பழக்கம் அண்ணத்தை மூடிய பின்னும் தானாகப் போகாது. பேச்சுப் பயிற்சியாளரின் உதவியால்தான் மாறும்.

பாரிசில் விக்டர் வோ 1931இல் வெளியிட்ட நூல், அண்ணத்தின் சவ்வை மட்டும் சேர்த்தால் போதாது, உள்ளிருக்கும் தசைகளைச் சேர்த்தாக வேண்டும் என்பதை நிறுவியது. பிளந்த அண்ணத்தில் இத்தசைகள் குறுக்காக ஓடாமல் பிளவின் ஓரத்தை ஒட்டி முன்னோக்கி ஓடி எலும்பில் பற்றியிருக்கின்றன. அவற்றை விடுவித்துப் பின்னுக்குத் திருப்பிக் குறுக்காகத் தைத்தால்தான் அண்ணம் மேலெழும். 1937இல் இங்கிலாந்தின் வார்டில், கில்னர் ஆகியோர் அண்ணத்தை நீளவாக்கில் பின்னுக்குத் தள்ளி நீட்டும் முறையைத் தந்தனர். லியனார்ட் ஃபர்லோ 1970களின் இறுதியில் இரு அடுக்குகளிலும் எதிரெதிர் ‘இசட்’ வடிவக் கீறல்கள் போட்டு நீளத்தையும் தசையின் திசையையும் ஒரே அறுவையில் சரிசெய்தார். இவற்றுக்குப் பின்னும் காற்று கசிந்தால், தொண்டையின் பின்சுவரிலிருந்து ஒரு மடலை எடுத்து அண்ணத்தோடு இணைக்கும் இரண்டாம் அறுவை உண்டு.

வளர்ச்சி என்னும் சிக்கல்

பேச்சு தொடங்குமுன் அண்ணத்தை மூடினால் பேச்சு நன்றாக அமைகிறது. ஆனால் சிறு வயதில் மூடப்பட்டவர்கள் வளர்ந்தபோது பலரின் மேல்தாடை உள்வாங்கி, கீழ்த்தாடை துருத்தி, முகம் தட்டையாகத் தெரிந்தது. 1921இல் இங்கிலாந்தின் கில்லிஸும் ஃபிரையும் வன்அண்ணத்தை அறுக்காமல் பல்செட் போன்ற தகட்டால் மூடலாம், மென்அண்ணத்தை மட்டும் தைக்கலாம் என்று முன்மொழிந்தார்கள். 1949இல் சிகாகோவின் டாம் கிரேபர் எக்ஸ்ரே அளவீடுகளைக் கொண்டு, அறுவைக்குள்ளான மேல்தாடைகளின் வளர்ச்சி குன்றியிருப்பதைக் காட்டினார். ஜெர்மனியின் ஷ்வெக்கென்டீக் மென்அண்ணத்தை முதலிலும் வன்அண்ணத்தைப் பதின்பருவத்திலும் மூடினார். முகம் நன்றாக வளர்ந்தது; பேச்சோ மோசமாயிற்று.

குன்றிய வளர்ச்சிக்குக் காரணம் பிளவா, அறுவையா? இதைத் தீர்க்க, அறுவையே செய்துகொள்ளாமல் வளர்ந்த பெரியவர்களை ஆராய வேண்டும். பணக்கார நாடுகளில் அத்தகையோர் அரிது. விடை இலங்கையிலிருந்து வந்தது. லண்டனைச் சேர்ந்த பல்சீரமைப்பு மருத்துவர் மைக்கேல் மார்ஸ் தலைமையில் 1984இல் காலி நகரை மையமாகக் கொண்டு ஒரு திட்டம் தொடங்கியது. சிகிச்சையே கிடைக்காமல் வளர்ந்த நூற்றுக்கணக்கானோருக்கு அறுவை செய்ததோடு, அறுவைக்கு முன் அவர்களின் முகங்களும் பல்வரிசைகளும் அளக்கப்பட்டன. 1990இல் மார்ஸும் ஹூஸ்டனும் வெளியிட்ட முடிவு தெளிவாக இருந்தது: அறுவை செய்துகொள்ளாதவர்களின் மேல்தாடை ஏறத்தாழ இயல்பாகவே வளர்ந்திருந்தது. வளர்ச்சியைக் குன்றச் செய்வது பெரும்பாலும் அறுவைத் தழும்பே.

அதே திட்டத்தின் மற்றொரு ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. பதின்பருவத்தில் அண்ணம் மூடப்பட்டவர்களின் பேச்சைப் பேச்சியல் நிபுணர் டெபி செல்லும் பமீலா கிரன்வெல்லும் ஆராய்ந்தார்கள். அண்ணம் மூடிய பின்னும் பெரும்பாலோரின் பேச்சு திருந்தவில்லை. முகத்துக்காகக் காத்திருந்தால் பேச்சு போய்விடும். பேச்சுக்காக விரைந்தால் முகம் பாதிக்கப்படும். ஒரே தீவிலிருந்து கிடைத்த இந்த இரு முடிவுகளுக்குப் பிறகு, அண்ணத்தைச் சிறு வயதிலேயே மூடுவது, ஆனால் தழும்பு மிகக் குறையும்படி கவனமாக மூடுவது, பாதிக்கப்பட்ட தாடையைப் பின்னர் சரிசெய்வது என்ற வழியே வலுப்பெற்றது.

ஒருவர் கையிலிருந்து பலர் கைக்கு

பேச்சு, செவி, பல், தாடை எல்லாம் சேர்ந்த பிரச்சினையை ஒரு அறுவை மருத்துவர் மட்டும் கையாள முடியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் நகரில் பல்சீரமைப்பு மருத்துவர் ஹெர்பர்ட் கூப்பர் 1938இல் தொடங்கிய மருத்துவமனையில் அறுவை மருத்துவர், பல்மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே குழந்தையைப் பார்த்தனர். பிளவுக் குழந்தைகளின் காதுகளில் ஏறக்குறைய எல்லாருக்குமே நீர் கோத்திருக்கிறது என்று 1960களின் ஆய்வுகள் காட்டியபின் காதுமூக்குத்தொண்டை மருத்துவரும் குழுவில் சேர்ந்தார். 1972இல் பாய்னும் சாண்ட்ஸும் இடுப்பெலும்பின் உட்பகுதியை எடுத்து ஈறுப் பிளவை நிரப்பும் முறையை வெளியிட்டனர். கோரைப்பல் முளைக்கும் முன்பே, 8 முதல் 11 வயதுக்குள் இதைச் செய்தால் பல் அந்தப் புதிய எலும்பின் வழியே முளைத்து வரும்.

எந்த முறை சிறந்தது என்பதை ஒப்பிட்டறியும் முயற்சி ஐரோப்பாவில் நடந்தது. 201 மையங்களைக் கணக்கெடுத்தபோது, ஒருபக்க முழுப் பிளவுக்கு மட்டும் 194 விதமான சிகிச்சை வரிசைகள் பின்பற்றப்படுவது தெரியவந்தது. பிரிட்டனில் 57 மையங்களில் சிதறியிருந்த சிகிச்சையை 8 முதல் 15 மையங்களுக்குள் குவிக்க வேண்டும் என்று 1998இல் ஓர் அரசு அறிக்கை பரிந்துரைத்தது. ஆண்டுக்கு ஓரிரு குழந்தைகளை மட்டும் பார்க்கும் மருத்துவரிடம் நல்ல விளைவை எதிர்பார்க்க முடியாது என்பதே அதன் அடிப்படை.

இந்தியாவில்

இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30,000 குழந்தைகள் இக்குறைபாட்டோடு பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அறுவைக்கு முன்பே பலரை இழக்கவைத்தது பசி. உறிஞ்ச முடியாத குழந்தை எடை கூடாமல் மெலியும். பால் புரையேறி நுரையீரலில் சளி கட்டும். தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழந்தையைச் சாய்வாக நிமிர்த்திப் பிடித்து, பாலாடையாலோ சங்காலோ கரண்டியாலோ சிறிது சிறிதாகப் புகட்டுவதே முதல் சிகிச்சை. தமிழ் வீடுகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் பழகிய பாலாடை இங்கே மருத்துவக் கருவியாகவும் பயன்படுகிறது.

இந்தியப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கம் 1957இல் உருவானது. நாக்பூரில் சி. பாலகிருஷ்ணன் பிளவுகளை உதடு, அண்ணம், இரண்டும் சேர்ந்தது என்று மூன்று தொகுதிகளாக்கி அமைத்த வகைப்பாடு ‘நாக்பூர் வகைப்பாடு’ என்று இந்திய மருத்துவர்களிடையே வழங்குகிறது. 1959இல் திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனைக்கு வந்த எச். எஸ். அடென்வாலா, அங்கே பிளவுச் சிகிச்சைக்கென ஒரு மையத்தை வளர்த்து, அதற்குத் தன் ஆசிரியரான மும்பை மருத்துவர் சார்லஸ் பின்டோவின் பெயரை வைத்தார். கேரளத்தோடு தமிழ்நாட்டுக் குடும்பங்களும் அங்கே செல்வதுண்டு. சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் பேச்சுப் பயிற்சியும் பல்சீரமைப்பும் இணைந்த குழுக்கள் உருவாயின.

வெளிநாட்டு மருத்துவர்கள் முகாமிட்டுச் சில நாட்களில் பல அறுவைகள் செய்துவிட்டுத் திரும்பும் முறை 1969இல் தொடங்கிய இன்டர்பிளாஸ்ட், 1982இல் தொடங்கிய ஆபரேஷன் ஸ்மைல் ஆகிய அமைப்புகளால் பரவியது. உதட்டுக்கு அது பலன் தந்தது. ஆனால் அண்ண அறுவைக்குப் பின் வரும் பேச்சுப் பயிற்சிக்கும் பல்சீரமைப்புக்கும் முகாம் இருப்பதில்லை. 1999இல் தொடங்கிய ஸ்மைல் டிரெயின் உள்ளூர் மருத்துவமனைகளுக்கே பணமும் பயிற்சியும் தந்து இலவச அறுவைக்கு வழிசெய்தது. மீர்சாப்பூர்ச் சிறுமி ஒருத்தி வாரணாசியில் சிகிச்சை பெற்றதைக் காட்டும் ‘ஸ்மைல் பிங்கி’ ஆவணப்படம் 2009இல் ஆஸ்கர் பெற்றபோது இக்குறைபாடு பொதுமக்களின் பேச்சுக்கு வந்தது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறந்த குழந்தைகளிடம் தேடிப் பார்க்க வேண்டிய பிறவிக் குறைபாடுகளில் உதடு, அண்ணப் பிளவையும் சேர்த்தது.

இன்றைய சிகிச்சை வரிசை

கர்ப்பத்தின் 18 முதல் 22ஆம் வார ஸ்கேனில் உதட்டுப் பிளவைப் பெரும்பாலும் காணலாம். அண்ணத்தில் மட்டும் உள்ள பிளவு தப்பிவிடும். அதனால் பிறந்த உடனே விளக்கடித்து வாய்க்குள் பார்ப்பது அவசியம். முதல் வாரங்களில் பாலூட்டலும் எடையும் கவனிக்கப்படுகின்றன. அகன்ற பிளவாக இருந்தால் சில மையங்களில் அண்ணத்தில் தகடு பொருத்தி ஈறுகளையும் மூக்கையும் நெருங்கச் செய்கிறார்கள். 3 முதல் 6 மாதத்துக்குள் உதடும், பெரும்பாலும் 9 முதல் 18 மாதத்துக்குள் அண்ணமும் மூடப்படுகின்றன. செவிப் பரிசோதனை தொடர்கிறது. தேவையானால் செவிப்பறையில் சிறு குழாய் வைக்கப்படுகிறது. பேச்சு 2 வயதிலிருந்து கவனிக்கப்படுகிறது. காற்று கசிந்தால் பள்ளி செல்லும் வயதுக்குள் இரண்டாம் அறுவை நடக்கிறது. 8 முதல் 11 வயதில் ஈறுக்கு எலும்பு ஒட்டு, பிறகு பற்களுக்குக் கம்பி, வளர்ச்சி முடிந்தபின் தேவைப்படுவோருக்குத் தாடையை முன்னகர்த்தும் அறுவையும் மூக்குச் சீரமைப்பும் செய்யப்படுகின்றன.

அண்ணத்தை மூட மிகச் சரியான வயது எது என்ற பழைய கேள்விக்கு 2023இல் ஒரு பெரிய ஆய்வு பகுதி விடை தந்தது. பிரேசில், பிரிட்டன், டென்மார்க், நார்வே, ஸ்வீடன் நாடுகளில் 23 மையங்களில், அண்ணத்தில் மட்டும் பிளவுள்ள 558 குழந்தைகள் 6 மாதத்திலோ 12 மாதத்திலோ அறுவை பெறுமாறு குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். 5 வயதில் சோதித்தபோது, மென்அண்ணம் மூக்கின் வழியைச் சரிவர அடைக்காத நிலை 6 மாதத்தில் மூடப்பட்டவர்களிடம் 8.9 விழுக்காடும், 12 மாதத்தில் மூடப்பட்டவர்களிடம் 15 விழுக்காடும் இருந்தது. குழந்தை மயக்கத்தைத் தாங்கும் உடல்நிலையில் இருந்து, மருத்துவமனையில் உரிய வசதியும் இருந்தால், சீக்கிரம் மூடுவதே பேச்சுக்கு நல்லது என்பது ஆய்வின் முடிவு. வசதி குறைந்த இடத்தில் 6 மாதக் குழந்தைக்கு மயக்கம் தருவதன் ஆபத்து இந்தக் கணக்கை மாற்றிவிடக்கூடும். அங்கே குழந்தையின் எடையும், மயக்க மருத்துவரின் அனுபவமும், அறுவைக்குப் பின் பேச்சுப் பயிற்சிக்குத் தொடர்ந்து வர முடிகிற தொலைவில் குடும்பம் இருக்கிறதா என்பதும் சேர்ந்தே அறுவையின் நாளை முடிவுசெய்கின்றன.